கூலியும் உடலும்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்துள்ள பொருள், பொருளாதார நிலையும் கேடு பயக்கும் பழக்கங்களும் நம்மவர் உடல் நலத்தையும் வேலை வாய்ப்பையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதாகும். தலைப்பைக் கேட்டதுமே பின் வரிசையில் இருக்கும் தம்பிமார் சிலர், "சார் குடிக்காதே, புகைக்காதே என்று சொல்லிவிட்டு உட்காரப் போகிறார்" என்று எண்ணியிருக்கக் கூடும். அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை மட்டும் சொல்வதற்கு ஒரு தலைமை ஆசிரியர் வேண்டியதில்லை. மதுப் புட்டியின் மேலேயே அந்த வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது.

நம் ஊர்களில் இப்பொருள் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். ஊர்ப் பெரிய மனிதர்கள், "அவர்கள் குடித்தே கெட்டார்கள், கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் கடைக்குத்தான் போகும்" என்பர். நம் கூட்டங்களில் பேசும் நண்பர்கள் சிலரோ, "வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம், வறுமை ஒழியும் வரை தனி மனிதனைக் குறை சொல்லாதே" என்பர். முதலாவது பேச்சு நம்மை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது பேச்சு நம்மைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு, உண்மையில் நடந்தது என்ன, நடப்பது என்ன என்று பார்க்க விரும்புகிறேன்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94-ஆம் அதிகாரம், மருந்து 95-ஆம் அதிகாரம். குடி, சூதாட்டம், நோய் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. வறுமையைப் பேசும் நல்குரவு என்ற அதிகாரமோ 105-ஆவதாகத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம், நம் தெருவைப் பொறுத்த வரை அந்த நூற்றைந்தாம் அதிகாரத்தைத் தொண்ணூற்று மூன்றுக்கு முன்னால் வைத்தல்லவா படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வள்ளுவர் மன்னிப்பாராக.

நம் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்குகிறேன். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடக் குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குச் சென்ற வரலாறு உங்களில் பலர் வீட்டு வரலாறே ஆகும். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்தினர். இங்கே பண்ணையாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவன், அங்கே போனால் மாதாமாதம் ரொக்கக் கூலி வாங்கலாம். தோளில் துண்டு போடலாம். காலில் செருப்பு அணியலாம். ஆகவே போனான். யாரும் கட்டாயப்படுத்திப் பிடித்துச் செல்லவில்லை என்று கம்பெனியார் கூறுவர். பசியும் தீண்டாமையும் பின்னாலிருந்து தள்ளும்போது பிடித்துச் செல்ல ஒருவன் வேண்டுமா?

அந்தக் கூலி வீண் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெருந்துணையாக நின்றனர். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை நிறுவினர். பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னர், அவருடைய எழுத்துக்களை நூல்களாக அச்சிட்டுக் காத்த பெருமையும் அத்தங்கவயலுக்கே உரியது. பாறையை உடைத்த கைகள் அச்சகம் நடத்தின, பள்ளி நடத்தின. நம் கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அதுவே மூத்த அண்ணன் என்பேன். பண்டிதர் தொழிலால் ஒரு சித்த வைத்தியர் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். உடலைப் பற்றிய கவலையும் சமுதாயத்தைப் பற்றிய கவலையும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் அந்தக் கூலிக்கு உடல் கொடுத்த விலை என்ன? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழம் போனது. தங்கம் படிந்திருந்த பாறை வெண்கல் பாறை. அதில் மிகுதியாக இருப்பது சிலிக்கா. துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் கிளம்பும் தூசியில், கண்ணுக்குத் தெரிகின்ற பெருந்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்கிறது. அதை விழுங்க வரும் நம் உடலின் காவல் அணுக்கள் விழுங்கியவுடன் தாமே மடிகின்றன. மடிந்த இடமெல்லாம் தழும்பாகிறது. சில ஆண்டுகளில் பஞ்சு போன்ற நுரையீரல் நார் நாராக இறுகிவிடும். இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. வேலையை விட்டு விலகிய பின்னும் நோய் வளர்வதுண்டு. அந்தத் தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறுகிறது. 1940-க்குப் பின் வந்த ஆண்டுகளில் 7,653 தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, அவர்களுள் நூற்றுக்கு 43-க்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் இருந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

கவனியுங்கள். இவர்களுள் குடிப்பவரும் இருந்தனர், குடியாதவரும் இருந்தனர். பீடி பிடிப்பவரும் இருந்தனர், தொடாதவரும் இருந்தனர். சிலிக்கா தூசி ஒழுக்கம் பார்த்து நுழையவில்லை. ஆனால் பீடி பிடித்தவனுக்கு மூச்சு முன்னதாகவே முட்டியது. காசநோய் முன்னதாகவே பற்றியது. பொருளாதார நிலை வாசலைத் திறந்து விட்டது. பழக்கம் உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போட்டது. அந்தச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசி நாளில் மூடப்பட்டது. மூடியபின் எந்தக் குடும்பங்கள் தப்பித்தன? பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

நிற்க. இஃது ஏதோ நம் நாட்டில் மட்டும், நம் சமுதாயத்துக்கு மட்டும் ஏற்பட்ட நிலை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 18,000 அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அனைவரும் அலுவலக ஊழியர்கள். பட்டினி கிடப்பவர் எவரும் இலர். இருந்தும், உயர் அதிகாரிகளை நோக்க, வாயில்காப்போர், தபால் எடுத்துச் செல்வோர் முதலிய கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பால் இறந்தது மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. கடைநிலை ஊழியர்கள் அதிகமாகப் புகைத்தனர் என்பது உண்மையே. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையெல்லாம் கணக்கிலிருந்து கழித்த பின்னும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி எஞ்சி நின்றது. மைக்கேல் மார்மாட் என்ற மருத்துவப் பேராசிரியர் இதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். தன் வேலையில் தனக்கு ஒரு சொல்லும் இல்லை, மேலே இருப்பவன் இட்டதுதான் சட்டம் என்ற நிலையே உடலை அரிக்கிறது என்பது அவர் முடிவு. அலுவலக வாயில்காப்பானுக்கே அப்படி என்றால், டீக்கடையில் தனிக் குவளையைக் கண்டு வளர்ந்தவனுக்கு எப்படி என்று மார்மாட் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றோர் ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேரை எடுத்துக்கொண்டு, அறுவடைக்கு முன் ஒரு முறையும் அறுவடைக்குப் பின் ஒரு முறையும் சில எளிய அறிவுத் தேர்வுகள் வைத்தனர். ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் முதலியோர் செய்த இவ்வாய்வு 2013-இல் வெளிவந்தது. கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை, ஆலைக்குக் கரும்பு போனபின்தான் வரும். அறுவடைக்கு முன் கையில் காசு இராது, நகை அடகுக்குப் போகும், கடன் ஏறும். என்ன கண்டார்கள் தெரியுமா? அதே மனிதர், அறுவடைக்கு முன் எழுதிய தேர்வில் தவறு மிகுதி. அறுவடைக்குப் பின் எழுதியதில் தவறு குறைவு. மனிதரோ ஒருவரே; அறிவும் அவருடைய அறிவே. ஆனால் கடனும் கவலையும் மனத்தை நிறைத்திருக்கும்போது, நிதானித்து எண்ணுவதற்கு அதில் இடமில்லை.

ஆசிரியன் என்ற முறையில் இச்செய்தி என்னை வெகுவாகப் பாதித்தது. வீட்டில் வட்டிக்காரன் வந்து கத்திவிட்டுப் போன காலையில் தேர்வு எழுதும் பிள்ளையின் விடைத்தாளை நாங்கள் திருத்துகிறோம். அந்த விடைத்தாளில் இருப்பது அவனுடைய அறிவா, அவன் அப்பாவின் கடனா? அதே போலத்தான், கடன் தலைக்கு மேல் போனவன் செய்கின்ற செயல்களையும் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்று வாங்குகிறான். கணக்குத் தெரியாமலா வாங்குகிறான்? இன்று மாலை அரிசி வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நெருக்கடியில் கைபேசியில் சீட்டாட்டம் "ஆயிரம் போட்டால் பத்தாயிரம்" என்று அழைக்கும்போது போய் விழுகிறான். அந்த ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டரசு சட்டம் செய்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து சட்டம் செய்துள்ளது. சட்டம் வந்ததற்காக மகிழ்கிறேன். போன பணம் வரப் போவதில்லை.

இப்பொழுது குடிக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் மதுவிலக்கு வந்ததும் போனதும் ஒரு பெரிய கதை. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மீண்டும் திறந்தன, 2003-ஆம் ஆண்டு முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாகிறவர்கள் யார் என்பதுதான் நம் கேள்வி. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், மூட்டை தூக்குவோர். மிகப் பலர் நம் சமுதாயத்தார். அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் ஆலைச் சரக்கு. அது வயிற்றுக்குள் சென்றபின் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்புக் கடியில் எரியும் அதே அமிலம். அது முதலில் கண் நரம்பைக் கருக்குகிறது. பின்பு மூச்சை நிறுத்துகிறது. குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்தே வேலையைக் காட்டுவதால், "நேற்றுக் குடித்தேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று மறுநாளும் குடிப்பவன் உண்டு. பார்வை மங்கினாலோ, கண்முன் வெண்மையாகத் தெரிந்தாலோ, அடுத்த நிமிடமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முறிவு மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. வெட்கப்பட்டோ வழக்குக்குப் பயந்தோ வீட்டில் படுக்க வைத்ததால் போன உயிர்கள் பல.

அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அளித்தது. அவர்கள் ஏன் அதைக் குடித்தார்கள்? அரசுக் கடைச் சரக்கைவிட அது மலிவு. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. வேறு மறைபொருள் எதுவுமில்லை. வசதியுள்ளவனும் குடிக்கிறான், அவன் பிழைத்துக்கொள்கிறான். ஏழையும் குடிக்கிறான், அவன் மலிவானதைத் தேடிப் போய்ச் சாகிறான். ஒரே பழக்கம், இரண்டு விதமான முடிவு. மேல் தெருக்காரனைப் பார்த்து நம் தம்பி குடிக்கக் கற்றுக்கொண்டால், அவனுக்கிருக்கும் மருத்துவக் காப்பும் நிலமும் நமக்கு உடன் வருவதில்லை.

மூட்டை தூக்கும் அண்ணன்மார்கள், "சாயங்காலம் உடம்பு வலி தாங்கவில்லை, அதனால்தான்" என்பார்கள். வலி பொய்யன்று. நாள் முழுதும் ஐம்பது கிலோ மூட்டையைச் சுமந்தவன் முதுகை அவனன்றி யார் அறிவார்? ஆனால் சாராயம் வலியைத் தீர்ப்பதில்லை, வலியை உணரும் அறிவை மரக்கச் செய்கிறது. உறக்கத்தையும் கெடுக்கிறது, விடியற்காலையில் விழிப்பு வந்து விடும். களைப்புத் தீராத உடலோடு மறுநாள் மூட்டை தூக்கப் போகிறான். கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு 150 ரூபாய், மாதம் இருபத்தைந்து நாள் என்று வைத்தால் 3,750 ரூபாய். ஆண்டுக்கு 45,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்து, விடுதியிலும் சேர்த்து, மிச்சமும் பிடிக்கலாம்.

பெண்களின் உடலைப் பற்றி ஒரு சொல். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்த சோகை உடையவர்கள். குடிக்காதவர்கள், புகைக்காதவர்கள், எந்தத் தீய பழக்கமும் அறியாதவர்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது ஒன்றே அவர்கள் பழக்கம். எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் பத்தாம் வகுப்பில் பாடத்தைக் கவனிக்க முடியாமல் மேசையில் தலை சாய்ப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே வீசிவிடும் தங்கைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

ஆண் பிள்ளைகளிடம் இப்பொழுது நான் காணும் கேடு வேறு. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைத்து ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். 2013 முதல் குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. தடை இருக்கிறது, பொட்டலமும் இருக்கிறது. வாடை வராது, புகை வராது, ஆசிரியர் கண்டுபிடிக்க முடியாது என்று பையன்கள் நினைக்கிறார்கள். முப்பது ஆண்டு வகுப்பு எடுத்தவனுக்கு, வாயைத் திறக்காமல் "உள்ளேன் ஐயா" சொல்லும் பையனைத் தெரியாதா? பாக்கும் சேர்ந்த கலவையாயின் கன்னத்தின் உட்தோல் மெல்ல மெல்ல இறுகி, நாளடைவில் வாய் திறக்க முடியாமல் போகும். முதலில் மூன்று விரல் நுழையும் வாயில் இரண்டு விரல், பின் ஒரு விரல். அதன் மேற்பட்ட நிலை புற்றுநோய். உங்கள் வாயில் மூன்று விரல்களைச் செங்குத்தாக வைத்து இன்றிரவே பார்த்துக்கொள்ளுங்கள். நுழையவில்லையாயின் பல் மருத்துவரைக் காண நாள் பார்க்க வேண்டா.

வேலை வாய்ப்புக்கு வருகிறேன். நம் இளைஞர்களுள் பலர் காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்கின்றனர். நல்லது. ஆதிதிராவிட ஆண்களுக்கு உயரம் 167 சென்டிமீட்டர். மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் ஓட்டத்தில் நின்று போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதையும் தாண்டியவனுக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது: முன்நடத்தை விசாரணை. திருவிழாவில் குடித்துவிட்டு நடந்த கைகலப்பில் போட்ட வழக்கு அங்கே எழுந்து நிற்கும். நம் மாநிலக் காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்திருந்தாலும் வழக்கில் தொடர்புடையவனாகவே கருதப்படுவான். வழக்கை மறைத்து எழுதினால் அதுவே தனிக் குற்றம். இது பற்றி 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது.

நம் தெருப் பிள்ளைகள்மேல் பொய் வழக்கும் போடப்படுகிறது என்பதை நான் அறியாதவன் அல்லன். மோதல் நடந்த ஊரில் கல்லெறிந்தவன் யாராயினும் முதல் தகவல் அறிக்கையில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பது சிலருக்குக் கைவந்த கலை. அவன் எதிர்காலத்தை அழிக்க அரிவாள் வேண்டா, ஒரு வரி போதும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகையால்தான் தம்பிகளே, உண்மை வழக்கு ஒன்றை நாமே கையில் கொடுத்து உதவ வேண்டா என்கிறேன். பொய் வழக்கை எதிர்த்துப் போராடச் சங்கம் வரும், வழக்கறிஞர் வருவார். குடித்து வண்டி ஓட்டிய வழக்குக்கு யார் வருவார்? அதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஓட்டுநர் உரிமம் பறிபோனால் வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு அடுப்பு எரியாது.

இன்னொரு வேலையைப் பற்றியும் சொல்லாவிடில் இவ்வுரை முழுமையாகாது. மலக்குழியில் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். ஐந்நூறு கொடுத்தாலும் ஐயாயிரம் கொடுத்தாலும் இறங்காதீர்கள். குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியையே மழுங்கச் செய்யும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று ஒருவன் நினைக்கும் நேரமே அவன் சாகும் நேரம். அவனைத் தூக்க இறங்குபவனும் சாகிறான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைக் குழிக்குள் இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்றது. அதற்கு முன் இத்தொகை 10 லட்சமாக இருந்தது. இவ்வேலைக்குப் போகுமுன் குடிப்பது வழக்கம். குடிக்காமல் அந்த நாற்றத்தைத் தாங்க இயலாது என்பர். அவர்களைப் பார்த்து "குடிகாரர்கள்" என்று ஊர் சொல்லும். யார் வேலை குடிக்க வைத்தது என்று ஊர் கேட்பதில்லை.

தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணி செய்வோர்க்கு ஒரு செய்தி. கையில் குரோம் புண் வந்தால் வீட்டு மருந்து தடவி மறைக்காதீர்கள். உங்கள் சம்பளத்தில் தொழிலாளர் ஈட்டுறுதிக்காகப் பணம் பிடிக்கிறார்களா, அட்டை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆறு மாதக் காலப் பகுதியில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு பெறலாம். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரையிலும் பெற வழியுண்டு. இந்த உரிமை தெரியாமல், இருமிக்கொண்டே வேலைக்குப் போய், முடியாத நாளில் மீட்டர் வட்டிக்கு வாங்கி, தனியார் மருத்துவமனையில் கொட்டிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! காசநோய்க்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தனர், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளனர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைக் கொடுத்துச் சோதியுங்கள்.

இவையெல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு என்னிடம் படித்த மாணவன் ஒருவனைச் சொல்கிறேன். பெயர் வேண்டா. தந்தை தோல் மண்டியில் மூட்டை தூக்குபவர். பையன் பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் மதிப்பெண் பெற்றவன்; கணக்கில் சூரன். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. உதவித்தொகை உண்டு, ஆனால் அது கைக்கு வந்தது கல்வியாண்டின் முடிவில். சேரும்போது கட்ட வேண்டிய பணம், புத்தகம், உடை, பஸ் செலவு எல்லாமாக 7,000 ரூபாய் உடனே வேண்டியிருந்தது. தந்தை பத்து வட்டிக்கு வாங்கினார். மாதம் 700 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் 7,000 ரூபாய் வட்டியாகவே போய்விட்டது. முதல் அப்படியே நின்றது. வட்டி கட்டுவதற்காகப் பையன் இரவு வேலைக்குப் போனான். வகுப்பில் தூங்கினான். இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டான். சரக்கு வண்டி ஓட்டினான். இரவெல்லாம் விழித்திருக்க வாயில் புகையிலை அடக்கினான். அலுப்புத் தீர மாலையில் குடித்தான். ஒரு நாள் சோதனையில் அகப்பட்டு உரிமம் போயிற்று. சென்ற ஆண்டு அவனைக் கண்டேன், இருபத்தெட்டு வயது, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. கஞ்சி குடித்துக்கொண்டு சிகிச்சைக்குப் போய் வருகிறான்.

இப்பையனைப் பார்க்கும் ஊரார் என்ன சொல்வர்? "குடியும் பாக்கும் கெடுத்தன" என்பர். பொய்யில்லை. ஆனால் எந்த இடத்தில் அவனைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்? குடிக்கத் தொடங்கிய பின் நிறுத்துவது கடினம். வண்டியில் ஏறிய பின்பும் கடினம். மிக எளிதாக நிறுத்தியிருக்கக் கூடிய இடம் ஒன்றே ஒன்று. அந்த 7,000 ரூபாய் தேவைப்பட்ட ஜூன் மாதம்.

2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கும், 2024 ஆகஸ்ட் முதல் ஆண்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் வந்துள்ளன. பெரிய உதவிதான். ஆனால் அந்த ஆயிரமும் கல்லூரியில் சேர்ந்தபின் வருவது. சேர்வதற்குமுன் உள்ள அந்த ஒரு மாதத்துக்கு இன்னும் வட்டிக்காரர்தான் நமக்கு அரசாங்கம்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுவே. வெள்ளி விழாவுக்காகத் திரட்டிய நிதியில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, ஜூன் மாத நிதி என்று ஒன்றை வைக்க வேண்டும். ஆண்டுதோறும் முப்பது பிள்ளைகள், ஆளுக்கு 7,000 ரூபாய் என்றால் 2,10,000 ரூபாய். வட்டியில்லை. உதவித்தொகை வந்ததும் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஜூனில் அதே பணம் வேறு முப்பது பேருக்குப் போகும். திரும்பி வராத பணம் சிறிது இருக்கும். அதை ஈடு செய்ய வேலையில் இருப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும். நடிகர் படம் வெளியாகும் நாளில் நம் தெரு முனையில் வைக்கும் பதாகைகளுக்கு ஆகும் செலவை இளைஞர் மன்றத்தார் அறிவார்கள். அதை நான் இங்கே கூறவில்லை.

இந்நிதியைக் கேட்டு வரும் மாணவனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம்: சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்கு அவனும் அவன் பெற்றோரும் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாயின் தாமே வருவதாகக் கூறியிருக்கிறார். நிதிக்கான விண்ணப்பப் படிவ மாதிரியொன்றை எழுதிக் கொண்டு வந்துள்ளேன். அதைச் செயலாளரிடம் கொடுக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் முதற்பொருளாக இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.